மலை நடைக்கு நடுவில் பப் எதற்கு?

28 செப்டம்பர் 2024: கேள்வி

"மான்செஸ்டர் பக்கம் நம்மவர்கள் ஞாயிற்றுக்கிழமையானால் மலை நடை என்று கூட்டமாகக் கிளம்பிவிடுகிறார்கள். போட்டோவைப் பார்த்தால் பாதி மலை, பாதி பப். நடப்பதென்றால் நடக்க வேண்டும், குடிப்பதென்றால் குடிக்க வேண்டும். இரண்டையும் ஏன் போட்டுக் குழப்புகிறார்கள்? குடிக்காதவர்களும் குழந்தை குட்டியோடு வருகிறவர்களும் அங்கே என்ன செய்வது?"

28 செப்டம்பர், இரவு

ஆறு வருடமாக ஒரு குழுவைக் கூட்டிக்கொண்டு போகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு பப்பைப் பார்க்கிறீர்கள். கிராமத்துப் பப் என்பது ஊர்த்திண்ணை மாதிரி. ஒரு மூலையில் கணப்பு எரியும். அதன் முன்னால் யாருடைய நாயோ படுத்திருக்கும். பாட்டி சூப் குடித்துக்கொண்டிருப்பார், பேரன் சிப்ஸ் தின்றுகொண்டிருப்பான். எங்கள் குழுவில் பதினேழு பேர், அதில் பீர் குடிக்கிறவர்கள் ஐந்து பேர். மற்றவர்களுக்குத் தேநீர், ஜிஞ்சர் பீர், லைம் அண்ட் சோடா. (ஜிஞ்சர் பீர் என்று பெயர்தான் பீர். பப்பில் பாட்டிலில் தருகிற இஞ்சிப் பானத்தில் பெரும்பாலும் மது இருக்காது. ஆல்கஹால் சேர்த்த வகையும் உண்டு, லேபிளைப் பாருங்கள்.)

நனைந்து, நடுங்கி, முழங்கால் வரை சேற்றோடு இறங்கி வருகிற பதினேழு பேரை உட்கார வைத்து, சூடாக ஏதாவது கொடுத்து, முகம் சுளிக்காமல் இருக்கிற இடம் அந்தப் பள்ளத்தாக்கில் வேறு எத்தனை இருக்கிறது? நடை முடிந்த பிறகுதான் நடந்ததைப் பேச முடியும். மலையில் ஏறும்போது எல்லோருக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

29 செப்டம்பர்

"நடுவில் பப் வைப்பதா, கடைசியில் வைப்பதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. இரண்டையும் செய்து பார்த்தாயிற்று.

நடுவில் வைத்தது போன ஜூலையில். ஈடேல் கிராமத்து ஸ்டேஷனில் இறங்கி, மாம் டோர் மலை ஏறி (517 மீட்டர்), முகடு வழியாகப் போய் காசல்டன் கிராமத்துக்கு இறங்கினோம். அங்கே சாப்பாடு. பிறகு ஹாலின்ஸ் கிராஸ் கணவாய் வழியாக மறுபடி முகடேறி ஈடேல். வரைபடத்தில் அழகான வட்டம். சாப்பிட்டு முடித்து எழுந்தபோது பாதிப் பேருக்குக் கால் வரவில்லை. பை (pie), கிரேவி சாப்பிட்ட வயிற்றோடு இருநூறு மீட்டருக்கு மேல் ஏற்றம்! நாலு பேர் டாக்ஸி பிடித்துப் போனார்கள். ஹாலின்ஸ் கிராஸ் வழியாகத்தான் அந்தக் காலத்தில் ஈடேல் பஞ்சாலைக்குக் காசல்டனிலிருந்து பெண்கள் தினமும் நடந்து வேலைக்கு வந்து போனார்கள். அதற்கும் முன்னால் ஈடேலில் இறந்தவர்களை அடக்கம் செய்யப் பாடை தூக்கிப் போனதும் அதே வழிதான். இதைச் சொல்லித்தான் மீதிப் பேரை மேலே ஏற்றினேன்.

ஆகவே என் கட்சி, கடைசியில் பப்.

திட்டம் போடும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பப்புக்குப் போன் போட்டு மேசை சொல்லிவிட வேண்டும். பதினேழு பேர் சொல்லாமல் போய் நின்றால் இடம் கிடைக்காது. ஞாயிறு மதியத்தில் பல ஊர்களில் சமையலறை சீக்கிரம் மூடிவிடும், அந்த நேரத்தைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று வந்துவிடும். கணக்குக்கு நெய்ஸ்மித் விதி இருக்கிறது. 1892இல் ஒரு ஸ்காட்லாந்து மலையேறி சொன்னது. இப்போது எல்லோரும் பயன்படுத்தும் கணக்கில், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். தப்பாது.

2 அக்டோபர்

13ஆம் தேதி நடைக்கு வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கிண்டர் ஸ்கௌட். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் இருக்கிற பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியிலேயே உயரமான இடம், 636 மீட்டர். ஊட்டி உயரத்தோடு ஒப்பிட்டுச் சிரிக்காதீர்கள். மேலே போனால் கூம்பு மாதிரி உச்சி எதுவும் கிடையாது, மேசை மாதிரி விரிந்த கறுப்புச் சதுப்பு நிலம். மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது.

பாதை: ஈடேல் – அப்பர் பூத் – ஜேக்கப்ஸ் லேடர் – நோ ஸ்டூல் – பிம் சேர் – வுல்பேக்ஸ் – கிரௌடன் டவர் – கிரைண்ட்ஸ்லோ நோல் – ஈடேல். சுமார் 13 கிலோமீட்டர், ஏற்றம் 450 மீட்டர். நெய்ஸ்மித் கணக்குப்படி 3 மணி 20 நிமிடம். சாப்பிட அரை மணி. காலை 10க்குக் கிளம்பினால் 2க்கு இறங்கிவிடலாம். மேசை 3 மணிக்குச் சொல்லியிருக்கிறேன், ஒரு மணி நேரம் கையில் இருக்கிறது.

சாப்பாடு அவரவர் கட்டிக்கொண்டு வரவும். மேலே பாறை மறைவில் சாப்பிடுவோம். பப்புக்குள் உட்கார்ந்து சொந்தச் சாப்பாட்டைப் பிரிக்கக் கூடாது, அது அவர்கள் பிழைப்பு. போன முறை ஒருவர் பப்புக்குள் புளியோதரை டப்பாவைத் திறந்தார். வாசனை போய்ப் பக்கத்து மேசைக்காரரே என்ன என்று கேட்டார். கேட்டது ஆசையில்தான், ஆனாலும் கூடாது.

4 அக்டோபர்

சைவக்காரர்கள் இரண்டு பேர் தனியாகக் கேட்டதற்குப் பொதுவில் பதில். சிப்ஸ் (இங்கே அது பிரெஞ்சு ஃபிரைஸ்) எந்த எண்ணெயில் என்று கேளுங்கள். வடக்கு இங்கிலாந்தில் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். பீர் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கைப்பம்ப் இழுத்து ஊற்றுகிற கேஸ்க் ஏல் என்ற பீர் தெளிவாக இருப்பதற்கு, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த ஐசிங்கிளாஸ் சேர்ப்பது பழைய வழக்கம். இப்போது சேர்க்காமல் காய்ச்சுகிறவர்களும் நிறைய. கவுண்டரில் கேட்டால் சொல்வார்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ரவுண்ட் விஷயம்: மேசைக்கு வந்து ஆர்டர் எடுப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள். கவுண்டருக்கு நாம்தான் போக வேண்டும். ஒருவர் எல்லோருக்கும் வாங்குவது, அடுத்த முறை அடுத்தவர் வாங்குவது என்ற வழக்கம் நாலு பேருக்குச் சரி. பதினேழு பேருக்கு வைத்தால் ஒருவர் தலையில் விழும். அரை கிளாஸ் சோடா குடிக்கிறவர் எட்டு பைண்ட்டுக்குப் பணம் கொடுக்க நேரும். ஒரு பைண்ட் 568 மில்லி, விலை உங்களுக்கே தெரியும். ஆகவே எங்கள் குழுவில் நாலு நாலு பேராகப் பிரிந்துகொள்வோம், குடிக்காதவர்கள் தனி நாலு.

கார் ஓட்டுகிறவர்கள் குடிக்க வேண்டாம். இங்கிலாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம், ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. வரம்புக்குள் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதே தப்பு. ரயிலில் வாருங்கள். மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் ஈடேலில் நிற்கிற ரயில் 1894 முதல் ஓடுகிறது.

7 அக்டோபர்

கிண்டர் ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று தம்பி ஒருவர் கேட்டார். 1932 ஏப்ரல் 24, ஞாயிற்றுக்கிழமை. அந்த மலை அன்றைக்குப் பொதுமக்களுக்கு இல்லை. பணக்காரர்கள் கிரௌஸ் பறவை சுடுவதற்காக அடைத்து வைத்திருந்தார்கள், அவர்கள் வைத்த வேட்டைநிலக் காவலர்கள் தடியோடு நின்றார்கள். மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைப்பது ஒரு ஞாயிறு, அதிலும் மலைப்பக்கம் போனால் விரட்டு. பென்னி ராத்மன் என்ற இருபது வயதுப் பையன் முன்னால் நிற்க, ஹேஃபீல்டு பக்கத்திலிருந்து சுமார் 400 பேர் கிளம்பி ஏறினார்கள். காவலர்களோடு கைகலப்பு. ஷெஃபீல்டிலிருந்து வந்தவர்கள் ஈடேல் பக்கமாக ஏறி வந்து மேலே சேர்ந்துகொண்டார்கள். கீழே இறங்கியதும் கைது. அத்துமீறி நுழைந்ததற்காக ஐந்து பேருக்கு ஜெயில், ராத்மனுக்கு நாலு மாதம்.

1949இல் தேசியப் பூங்காச் சட்டம், 1951இல் முதல் தேசியப் பூங்காவாகப் பீக் டிஸ்ட்ரிக்ட், 2000இல் திறந்த மலைநிலத்தில் நடக்கும் உரிமைக்கான சட்டம். நாம் இன்றைக்கு டிக்கெட் இல்லாமல், யாரிடமும் கேட்காமல் அங்கே ஏறுவதற்குப் பின்னால் அந்த ஞாயிறும் இருக்கிறது. நான் அங்கே ஒவ்வொரு முறை போகும்போதும் இதை நினைப்பேன்.

8 அக்டோபர்

திருத்தம். நேற்று எழுதியதில் ஒரு தப்பு. அத்துமீறி நுழைந்ததற்காக ஜெயில் என்று எழுதிவிட்டேன். ஒருவர் சரியாகப் பிடித்தார். இன்னொருவர் நிலத்தில் நுழைவது அன்றைக்குக் குற்றவியல் குற்றமே இல்லை. கலகம் செய்யக் கூடினார்கள், காவலரைத் தாக்கினார்கள் என்ற மாதிரிக் குற்றச்சாட்டுகளில்தான் டெர்பி நீதிமன்றத்தில் தண்டித்தார்கள். இந்த வித்தியாசம் முக்கியம். அவர்கள் நடந்ததைத் தண்டிக்கச் சட்டம் இல்லாததால் வேறு சட்டம் தேடியிருக்கிறார்கள்.

அதே ஆள் இன்னொன்றும் நினைவூட்டினார். 2002இல், எழுபதாவது ஆண்டு நினைவுக் கூட்டத்தில், அந்த நிலத்தை அன்றைக்கு வைத்திருந்த டெவன்ஷர் பிரபு குடும்பத்தின் அப்போதைய பிரபு வந்து, தன் தாத்தா செய்தது தப்பு என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டார்.

13 அக்டோபர், இரவு 11 மணி

போய் வந்தாயிற்று. எல்லோரும் நலம். நாளை மறுநாள் எழுதுகிறேன்.

16 அக்டோபர்

எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். செப்டம்பர் 29 அன்று இதே இடத்தில் "தப்பாது" என்று எழுதியிருந்தேன். தப்பிவிட்டது.

பத்து மணிக்குக் கிளம்பினோம். ஜேக்கப்ஸ் லேடர் அடிவாரத்தில் ஒரு சின்னக் கல்பாலம். பொதிக்குதிரைகளுக்காகக் கட்டியது. குதிரையின் இரண்டு பக்கமும் தொங்கும் மூட்டை இடிக்காமல் இருக்கக் கைப்பிடிச் சுவரைத் தாழ்வாக வைத்திருப்பார்கள். அங்கேயே மணி பதினொன்றரை. கல்படி ஏறி மேலே சேர்ந்தபோது பன்னிரண்டே கால் தாண்டிவிட்டது. மேகம் இறங்கியிருந்தது. எனக்கு மனதில் மூன்று மணி மேசையைத் தவிர வேறொன்றும் இல்லை. "சமையல் மூடிடுவாங்க, கொஞ்சம் வேகமா" என்று நான் சொன்னது எத்தனை முறை என்று எனக்கே தெரியாது. கூட வந்தவர்கள் பிறகு சொன்னார்கள், நிறைய முறையாம்.

குழுவில் ஒரு அக்கா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபத்திரண்டு வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். நோ ஸ்டூல் பாறை அருகே அவர் பின்தங்கியபோது திரும்பிப் போய்க் கூப்பிட்டேன். "தம்பி, நீங்கள் போங்கோ. நான் ஆறுதலா வாறன்" என்றார். ஈழத்துத் தமிழில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல் என்று பொருள். எனக்கு அது தெரியும். இத்தனை வருடம் அவர்களோடு பழகியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு என் காதில் அது எங்கள் ஊர் ஆறுதலாக விழுந்தது. ஏதோ நம்மைச் சமாதானப்படுத்துகிறார், பரவாயில்லை, வந்துவிடுவார் என்று எடுத்துக்கொண்டு முன்னால் போய்விட்டேன்.

வரிசையின் கடைசியில் எப்போதும் ஒருவர் வர வேண்டும், அவரைத் தாண்டி யாரும் பின்னால் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. அவரை வால் என்று கூப்பிடுவோம். அன்றைக்கு வாலாக இருந்தவர், ஒரு பையனுக்கு முழங்கால் வலி என்று அவனைத் தாங்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். நான் அதைக் கவனிக்கவே இல்லை.

அக்காவும் வந்து சேர்ந்த பிறகு வுல்பேக்ஸில் சாப்பிட்டோம். கம்பளிப் பொதி பொதியாக இறக்கி வைத்த மாதிரி நூற்றுக்கணக்கில் பாறைகள், அதனால் அந்தப் பெயர். இட்லியும் மிளகாய்ப்பொடியும், அக்கா சுட்டு வந்த ரொட்டியும் சம்பலும். இருபத்தைந்து நிமிடத்தில் எழுப்பிவிட்டேன். அந்தப் பாறைகளுக்கு நடுவில் பாதை ஒன்று என்று சொல்ல முடியாது, ஐந்தாறாகப் பிரிந்து சேரும். கிரௌடன் டவரில் நின்று எண்ணினேன். பதினாறு. மறுபடி எண்ணினேன். பதினாறு.

போனில் சிக்னல் இல்லை. பதினான்கு பேரைப் பாறை மறைவில் உட்கார வைத்து, ஒருவரும் அசையக் கூடாது என்று சொல்லிவிட்டு, இன்னொருவரும் நானும் திரும்பினோம். விசில் ஊதினோம். பேர் சொல்லிக் கத்தினோம். பனிமூட்டத்தில் குரல் எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை. காலடியில் பீட் மண், கறுப்புக் களி, ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸைப் பிடித்து இழுக்கிறது. இருபத்திரண்டு நிமிடம். அதில் ஒவ்வொரு நிமிடமும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது.

அக்கா ஒரு பாறைக்கு முதுகு கொடுத்து, பையை அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மழைக் கோட்டின் மேல் நாடா கழுத்துவரை இழுத்துக் கட்டியிருந்தது. மடியில் பிளாஸ்க், மூடியில் பாதித் தேநீர், இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. ஷூ கயிறு அவிழ்ந்ததால் குனிந்து கட்டியிருக்கிறார், நிமிர்ந்தால் யாரும் இல்லை. "வழி தெரியாட்டி நிண்ட இடத்திலயே நிக்கோணும் எண்டு தெரியாதே தம்பி?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

பப்புக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலேகால். சமையல் முடிந்திருந்தது. தேநீரும் கிரிஸ்ப்ஸும் (பாக்கெட் சிப்ஸ்) கிடைத்தது, அதுவே தேவாமிர்தம்.

17 அக்டோபர்

"உங்கள் மேல் தப்பில்லை, மூட்டம் யாருக்கும் வரும்" என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி, ஆனால் ஏற்க மாட்டேன். மூட்டம் வரும் என்று 2ஆம் தேதியே நான்தான் எழுதியிருக்கிறேன்.

கணக்கு எங்கே தப்பியது என்றும் யோசித்தேன். நெய்ஸ்மித் சொன்னது நல்ல உடல்வாகுள்ள, பழகிய ஒருவர் நிற்காமல் நடப்பதற்கு. பதினேழு பேர் போனால் ஒரு வேலித்தாண்டி (வேலியைக் கடக்க வைத்திருக்கும் படி) முன்னாலேயே பத்து நிமிடம் போகும். ஒவ்வொருவராகத்தானே ஏறி இறங்க முடியும்? அந்தப் பாதையில் கேட், வேலித்தாண்டி எல்லாம் எத்தனை! இனிமேல் நெய்ஸ்மித் சொல்வதை ஒன்றரை மடங்காக்கி, சாப்பாட்டு நேரத்தைத் தனியாகச் சேர்க்கப் போகிறேன்.

17 அக்டோபர், பிற்பகல்

இன்னொன்று. இது யாரும் சொல்லித் தராதது, அக்காவிடம் போனில் பேசும்போதுதான் உறைத்தது. முன்னால் போகிறவர்கள் ஓரிடத்தில் நின்று பின்னால் வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் நல்ல ஓய்வு, தண்ணீர், போட்டோ. கடைசி ஆள் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "வந்தாச்சா, சரி கிளம்பலாம்!" என்று எழுந்துவிடுகிறார்கள். ஆக, நன்றாக நடக்கிறவனுக்கு நாள் முழுக்க ஓய்வு, நடக்க முடியாதவருக்கு ஓய்வே கிடையாது. ஆறு வருடமாக இதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறேன். அக்கா ஒரு நாளும் வாய் திறக்கவில்லை.

இனி கடைசி ஆள் வந்து, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, "சரி" என்று அவர் சொன்ன பிறகுதான் கிளம்புவது.

21 அக்டோபர்

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்து, "நான் சொன்னது சரிதானே, பப் இல்லாவிட்டால் இந்த அவசரமே இல்லையே" என்கிறார். இரண்டு நாள் இதை மனதில் போட்டுப் புரட்டினேன். பாதி சரி. அவசரத்துக்குக் காரணம் மூன்று மணி மேசை, அதைச் சொன்னது நான். ஆனால் நாலேகால் மணிக்கு அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனபோது அக்காவின் கை விறைத்திருந்தது. பரிமாறுகிற பெண் யாரும் கேட்காமலே கணப்புப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அந்த இடம் அங்கே இல்லாமல் இருந்திருந்தால்? மேசையை விடுகிறேன், பப்பை விட மாட்டேன்.

26 அக்டோபர்

இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள். நாளை முதல் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே. குளிர்கால நடைக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு ஹெட்லைட் வைத்துக்கொள்ளுங்கள். போன் டார்ச் போதாது.

விசில் பற்றிக் கேட்டவருக்கு: ஆபத்து என்றால் ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் நிறுத்தி மறுபடி ஆறு முறை. பதிலுக்கு மூன்று முறை வரும். அன்றைக்கு நாங்கள் கண்டபடி ஊதினோம், அக்காவிடம் விசிலே இல்லை. இப்போது பதினேழு விசில் வாங்கியாயிற்று. 999க்குப் போன் போட்டால் முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ என்று சொல்லுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் சம்பளமில்லாத தொண்டர்கள், அவரவர் வேலையைப் போட்டுவிட்டு வருகிறவர்கள். குரல் போகாத இடத்திலிருந்து குறுஞ்செய்தியாகவும் அனுப்பலாம், ஆனால் முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். "ரெஜிஸ்டர்" என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பினால் வழி சொல்வார்கள். இதை இப்போதே, வீட்டில் உட்கார்ந்தபடி செய்துவிடுங்கள்.

9 பிப்ரவரி 2025

நீண்ட நாள் கழித்து. நேற்று நாங்கள் ஐந்து பேர் மட்டும் போனோம். மலை முயலைப் பார்த்தோம்! முழு வெள்ளை, காதுநுனி மட்டும் கறுப்பு. பனி உருகிவிட்ட கறுப்பு மண்ணில் அது எங்கே போனாலும் தெரிகிறது, பாவம். இங்கிலாந்திலேயே இந்த மலைமுயல் இருப்பது பீக் டிஸ்ட்ரிக்டில் மட்டும்தான்.

கிரௌஸ் பறவையின் கத்தலை ஆங்கிலேயர்கள் "கோ பேக், கோ பேக்" என்று கேட்பார்கள். எங்களோடு வந்த ஏழு வயதுப் பாப்பாவுக்கு "போப்பா, போப்பா" என்று கேட்டிருக்கிறது. அவள் அப்பாவைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் சிரிப்பை அடக்க முடியாமல் சேற்றில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கறுப்பு மண் பற்றியும் ஒரு வார்த்தை. மக்காத பாசி அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டாகிற பீட் வளர்வது வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆலைப் புகை நூறு வருடத்துக்கு மேல் அதன்மேல் படிந்து பாசியைக் கொன்றுவிட்டது. 2003 முதல் திரும்ப நட்டுக்கொண்டு வருகிறார்கள். ஸ்பேக்னம் என்ற அந்தப் பாசி தன் எடையைப் போல் இருபது மடங்கு வரை தண்ணீரைப் பிடித்து வைக்கும். மண் அரிக்காமலிருக்க பென்னைன் வே என்ற நெடுநடைப் பாதையில் பல இடங்களில் போட்டிருக்கும் பெரிய பலகைக்கற்கள், இடித்த லங்காஷயர் பஞ்சாலைகளின் தரைக்கற்கள். கோயம்புத்தூரில் மில் கூலி குடும்பத்தில் பிறந்தவன் நான். அந்தக் கல்லில் கால் வைக்கும்போது எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆகவே பாதையை விட்டு இறங்கிச் சுற்றிப் போகாதீர்கள், சேறாக இருந்தாலும் நடுவிலேயே நடங்கள்.

24 ஏப்ரல் 2025

இன்றைக்குப் பென்னைன் வே திறந்து அறுபது வருடம். 1965இல் அந்த 1932 ஞாயிற்றின் அதே தேதியில் திறந்தார்கள். ஈடேலில் ஓல்டு நாக்ஸ் ஹெட் பப் வாசலில் தொடங்கி ஸ்காட்லாந்தில் கர்க் யெட்ஹோம் வரை 268 மைல். கர்க் யெட்ஹோமிலும் முடிகிற இடம் ஒரு பப்தான். இங்கிலாந்தின் நெடுநடையே பப்பில் தொடங்கிப் பப்பில் முடிகிறது என்பதை முதல் கேள்வி கேட்டவர் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

ஞாயிறு மறுபடி அதே பாதை. இம்முறை மேசை சொல்லவில்லை. நடை முடிந்த பிறகு எந்தப் பப்பில் இடமிருக்கிறதோ அங்கே. சமையல் மூடியிருந்தால் தேநீர். கிளம்பும் நேரம் 9. வால் நான்.

28 ஏப்ரல்

பதினான்கு பேர். கல்பாலத்தில் நின்று ஜேக்கப்ஸ் லேடரை நிமிர்ந்து பார்த்தோம். பதினெட்டாம் நூற்றாண்டில் மேலே ஒரு பண்ணையில் ஜேக்கப் மார்ஷல் என்றொருவர் இருந்தார். சரக்குக் குதிரைகள் வளைந்து வளைந்து சுற்றுப்பாதையில் ஏறும். அவர் தனக்காக நேராகப் படி வெட்டிக்கொண்டு முன்னால் ஏறி, மேலே உட்கார்ந்து, குதிரைகள் வந்து சேரும்வரை இளைப்பாறுவாராம். படிக்கு அவர் பெயர். அந்த வளைவுப்பாதை இன்றும் இருக்கிறது. இத்தனை முறை போயும் நான் அதில் கால் வைத்ததில்லை.

அக்கா அதைக் காட்டி, "குதிரை போன வழியால நான் போறன்" என்றார். நானும் அவரோடு போனேன். தூரம் கூடுதல், ஆனால் மூச்சு முட்டவில்லை. அக்கா பேசிக்கொண்டே வந்தார். ஊரில் ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனது, 1996இல் இங்கே வந்தது, முதல் வார்டு, முதல் பனி. ஒரு வளைவில் நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்த்தோம், ஆட்டுக்குட்டிகள் அரிசி சிந்தியது போலத் தெரிந்தன. படியேறிப் போனவர்கள் மேலே காத்திருந்தார்கள். எங்களைக் கண்டதும் எழப்போனவர்களைக் கையமர்த்தினேன். அக்கா உட்கார்ந்தார், பிளாஸ்க் திறந்தார், குடித்து முடித்தார், மூடியைத் துடைத்தார். "சரி, போவம்."

மொத்தம் ஆறே முக்கால் மணி நேரம். இறங்கியபோது நாலு மணி ஆகப்போகிறது. முதல் பப் நிறைந்திருந்தது, இரண்டாவதில் கொல்லைப்புறத்து மரமேசை கிடைத்தது, நல்ல வெயில். நான் அரை பைண்ட் பிட்டர் பீர் வாங்கினேன். அக்காவுக்கு ஒரு பாட் தேநீர். ஷூவைக் கழற்றி மேசைக்கடியில் ஜோடியாக வைத்துவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார். அடுத்த ரயில் இன்னும் பத்து நிமிடத்தில் என்று யாரோ சொன்னார்கள். "அதுக்கடுத்ததில போவம் தம்பி, இன்னொரு கப் மிச்சமிருக்கு" என்றார்.